பள்ளி வாசலில் ஐந்து வயது

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டியை அடுத்து வரும் நிலையம் எளாவூர். ஆந்திர எல்லை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஒருபுறம் தேசிய நெடுஞ்சாலையின் சோதனைச் சாவடி. மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு முறை வேலைக்குச் சென்று திரும்பும் மக்கள். அவ்வூரில் ஒரே தெருவில் இரண்டு குழந்தைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ஜூலை 30ஆம் நாள் பிறந்தது. மற்றொன்று மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தது. தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் 5 வயது நிறைவடையும் குழந்தை அவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் சேரலாம். ஆகவே மூத்த குழந்தை இவ்வாண்டு பள்ளிக்குப் போகும். இளைய குழந்தை மேலும் ஓராண்டு பாலர் வகுப்பில் இருக்கும். மூன்று நாள் வேறுபாடு ஓராண்டு வேறுபாடாக மாறிவிடுகிறது.

கோடையில் பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு இது ஆண்டுதோறும் வரும் கவலை. இப்போதே சேர்த்தால் வகுப்பிலேயே சிறிய பிள்ளையாக இருக்குமே என்று தாய் அஞ்சுகிறார். ஓராண்டு வீணாகிவிடுமே என்று தந்தை நினைக்கிறார். இக்கவலை எப்போது தோன்றியது? நம் முன்னோருக்கும் இது இருந்ததா? இதற்கு விடை காணச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

திண்ணைப் பள்ளியில் தேதி இல்லை

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. அப்போது பெல்லாரி ஆட்சியராக இருந்த கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் பொதுவாக 5 வயதில் படிப்பைத் தொடங்குவதாகக் குறிப்பிட்டார். ஆசிரியரும் மாணவர்களும் குழந்தையின் வீட்டுக்கு அழைக்கப்படுவார்கள். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அமர்வார்கள். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார்கள். மறுநாள் முதல் குழந்தை பள்ளிக்குப் போகும். விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ எழுத்தறிவிக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே நிலவுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திண்ணைப் பள்ளியிலும் 5 வயது என்ற கணக்கு இருந்தது. ஆனால் அது கெடு அன்று. குழந்தை எந்த நல்ல நாளிலும் சேரலாம். சேர்ந்தபின் தன் வேகத்தில் முன்னேறலாம். அரிச்சுவடியை முடித்தவன் எண்சுவடிக்குப் போவான். முடிக்காதவன் மணலில் மீண்டும் எழுதுவான். மேல்நிலையில் உள்ள மாணவனே கீழ்நிலையில் உள்ளவனுக்குக் கற்றுக் கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இதனைப் பற்றி நூல் எழுதினார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது.

அத்தகைய பள்ளியில் ‘இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா’ என்ற கேள்வி எழ வாய்ப்பே இல்லை. அங்கு எல்லாரும் வர முடியவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. மன்றோவின் கணக்கிலேயே பெண் குழந்தைகள் மிகச் சிலரே. பல சாதியினருக்குப் பள்ளி வாசல் எட்டாத ஒன்றாகவே இருந்தது.

வகுப்பு வந்தது, வயது வந்தது

எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர அரசுகள் முனைந்தபோதுதான் வயது சட்டத்திற்குள் நுழைந்தது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 5 வயதைத் தொடக்கமாகக் கொண்டது. 1880இல் கல்வி அங்குக் கட்டாயமாயிற்று. 5 என்ற எண் குழந்தையின் மூளையை ஆராய்ந்து பெற்ற முடிவு அன்று. சீக்கிரம் சேர்த்தால் சீக்கிரம் படிப்பை முடித்து வேலைக்குப் போகலாம் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. இந்தியாவில் 1911இல் கோபால கிருஷ்ண கோகலே கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதா 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களைக் கருத்தில் கொண்டிருந்தது. அது சட்டமாகவில்லை. இன்றும் பின்லாந்தில் 7 வயதில்தான் முறையான பள்ளிப் படிப்பு தொடங்குகிறது. ஒரே மனித இனத்தின் குழந்தைகளுக்கு 5, 6, 7 என்று நாட்டுக்கு நாடு வெவ்வேறு வயது!

சட்டத்தோடு வகுப்பு முறையும் வந்தது. எல்லாரும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே பாடத்தைப் படித்து, ஆண்டின் முடிவில் ஒன்றாகத் தேறி மேல் வகுப்புக்குச் செல்ல வேண்டும். ஓராண்டில் பிறந்தவர்களை ஒரு கட்டாகக் கட்டும்போது, கட்டின் ஓரத்தில் ஒருவர் நின்றுதானே ஆக வேண்டும்? ஜூனில் பள்ளி திறக்கும் நாளில், முன்னாண்டு ஆகஸ்டில் 5 வயது நிறைந்த குழந்தைக்கு ஏறத்தாழ 5 வயது 10 மாதம். வரும் ஜூலை இறுதியில் 5 வயது நிறையும் குழந்தைக்கு 4 வயது 10 மாதம். இருவரும் ஒரே பலகையில் அமர்கிறார்கள். சிறிய குழந்தையின் மொத்த வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவு மூத்தது பெரிய குழந்தை!

காதைத் தொட்ட கை

பிறந்த நாள் தெரிந்தால்தானே இந்தக் கணக்கு? நம் ஊர்ப்புறங்களில் பிறந்த தேதியை எழுதி வைத்திருந்த குடும்பங்கள் சிலவே. ‘பெரிய புயல் அடித்த வருடம்’, ‘ஏரி உடைந்ததற்கு அடுத்த தை’ என்றுதான் பெற்றோர் சொல்வார்கள். தலைமையாசிரியர் என்ன செய்வார்? ‘வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு’ என்பார். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த ஆண்டு.

இந்தச் சோதனைக்கு ஓர் உடலியல் அடிப்படை உண்டு. பிறந்த குழந்தையின் உயரத்தில் தலை மட்டும் ஏறக்குறைய கால் பங்கு. வளர்ந்தவரில் அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. தலை முதலிலேயே வளர்ந்துவிடுகிறது. கைகால்கள் பின்னரே நீள்கின்றன. ஆறு வயதையொட்டிக் கை தலையைச் சுற்றி மறுபுறக் காதை எட்டும் அளவுக்கு நீண்டுவிடுகிறது. ஆகவே இது தோராயமாக வயதைக் காட்டும்.

ஆனால் அது உண்மையில் அளப்பது கையின் நீளத்தை. நல்ல உணவு உண்ட ஐந்து வயதுக் குழந்தை காதைத் தொட்டுவிடும். போதிய உணவின்றி வளர்ச்சி குன்றிய ஆறு வயதுக் குழந்தையால் தொட முடியாமற் போகலாம். 1956இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவுத் திட்டம் பள்ளிகளில் பரவியது. அந்தச் சோறு யாருக்கு மிகவும் தேவையோ, அந்தக் குழந்தையையே கை எட்டவில்லை என்று வாசலில் நிறுத்தக்கூடிய சோதனை இது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்கு வராத 2 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் சேர்த்துக் கொண்டது இதனால் பொருள் மிக்கதாகிறது.

உடலைக் கொண்டு வயதை அளந்தது நாம் மட்டும் அல்லர். இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்றது. அப்போது அங்கும் பிறப்புப் பதிவு முறையாக இல்லை. அது 1837 ஜூலையில்தான் தொடங்கியது. மருத்துவர்கள் தோற்றத்தைப் பார்த்து வயதுச் சான்று அளித்தார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் உயரத்தைவிடப் பல் முளைப்பதே நம்பத்தக்க அளவு என்று 1837இல் எடுத்துக் காட்டினார். அங்கே ஆலை வாசலில் பல். இங்கே பள்ளி வாசலில் கை.

ஜூனில் பிறந்த தலைமுறை

காதைத் தொட்ட குழந்தைக்கு ஒரு பிறந்த தேதியும் வேண்டுமல்லவா? ஆசிரியர் பள்ளி திறக்கும் மாதத்தையொட்டி 5 வயது நிறையுமாறு ஒரு தேதியை எழுதிவிடுவார். தமிழ்நாட்டில் மூத்த தலைமுறையினர் பலருடைய சான்றிதழ்களில் மே, ஜூன் மாதப் பிறந்த நாள்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம். வீட்டில் மார்கழியில் பிறந்த நாள். ஏட்டில் ஜூன் 1. அவ்வாறு எழுதிய தேதியே பள்ளி இறுதிச் சான்றிதழில் ஏறி, வேலையில் சேரும் வயதையும் ஓய்வு பெறும் நாளையும் முடிவு செய்தது.

1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. மருத்துவமனைப் பிரசவம் பெருகியபோது பதிவும் பெருகியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். எனினும் வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. வெளி மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர் நிறைந்த கும்மிடிப்பூண்டி போன்ற வட்டாரங்களில் இதனைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நலம்.

பள்ளிக்கு முன் ஒரு பள்ளி

ஐந்து வயதுக்கு முன் குழந்தை எங்கே இருப்பது? ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837இல் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயரிட்டார். பாட்டு, விளையாட்டு, மரக்கட்டைகள் இவையே அங்குப் பாடம். ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் 1907இல் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பாலர் மந்திரம் தொடங்கினார். அவர் வழி நின்ற தாராபாய் மோடக், 1945இல் போர்டி என்ற ஊரில் எளியோர் குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே பால்வாடி நடத்திக் காட்டினார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது; அங்கன்வாடிகள் அதன் விளைவே. 2019இல் தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

இவற்றை நிறுவியவர்கள் ஒன்றாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே புகட்ட எண்ணவில்லை. இன்றோ பல பாலர் வகுப்புகளில் மூன்று வயதுக் குழந்தை கோட்டுக்குள் எழுதப் பழகுகிறது. விரல் எலும்புகளும் தசைகளும் அதற்கு இன்னும் முதிரவில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

1931இல் அமெரிக்காவில் மார்ஃபெட், வாஷ்பர்ன் என்ற இருவர், ஆறரை வயதுக்குரிய மனவளர்ச்சி பெற்ற பின்னரே குழந்தை நன்கு படிக்கத் தொடங்கும் என்று வெளியிட்டனர். பல பள்ளிகள் அதை வேதமாகக் கொண்டன. ஆனால் 1937இல் ஆர்தர் கேட்ஸ், கற்பிக்கும் முறையும் வகுப்பின் அளவும் மாறினால் அந்த வயதும் மாறுகிறது என்று காட்டினார். தகுந்த வயது குழந்தையிடம் மட்டும் இல்லை, பள்ளியிடமும் இருக்கிறது.

பெடார்டு, டூய் இருவரும் 2006இல் பல நாடுகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டனர். நான்காம் வகுப்பில் வயதில் மிகச் சிறியவர்கள், மிகப் பெரியவர்களைவிடத் தரவரிசையில் 4 முதல் 12 சதமானப் புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். எட்டாம் வகுப்பில் இது 2 முதல் 9 ஆகக் குறைந்தது. நார்வேயில் 2011இல் வெளியான ஆய்வு, 18 வயது அறிவுத்திறன் தேர்வில் பள்ளி தொடங்கிய வயதின் தாக்கம் மிகச் சிறிதே என்று கண்டது. ஆக, இடைவெளி நாளடைவில் குறுகுகிறது.

அதற்குள் நேரும் தீங்குதான் கவலைக்குரியது. செப்டம்பர் 1ஐக் கெடு நாளாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளுக்குக் கவனக்குறைவு, மிகைத் துடிப்பு என்ற நோய்ப் பெயர் சூட்டப்படுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. சிறிய குழந்தையின் இயல்பான துறுதுறுப்பு, பெரிய குழந்தைகளின் நடுவே நோயாகத் தோன்றிவிடுகிறது. நம் வகுப்பறைகளில் ‘மந்தம்’ என்ற சொல்லும் இவ்வாறே ஒட்டிக்கொள்ளக் கூடும்.

பெற்றோர் முடிவு

கோத்தாரி கல்விக் குழு 1966இலேயே 6 வயதைப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே கூறுகிறது. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயங்கள் 2022-23 முதல் 6 வயதுக்கு மாறின. அக்கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் 5 வயதே தொடர்கிறது. உழைக்கும் குடும்பத்துக்கு மேலும் ஓராண்டு கட்டணப் பாலர் பள்ளி என்பது பெருஞ்சுமை என்பதும் உண்மை.

ஜூலையில் பிறந்த குழந்தையின் பெற்றோர் சிலவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். தன் தேவையைச் சொல்லத் தெரிகிறதா, தானே உண்ணவும் கழிவறை செல்லவும் பழகியிருக்கிறதா, கதை கேட்டு அமர்கிறதா, மற்றக் குழந்தைகளோடு சேர்கிறதா? இவை அமைந்திருந்தால், ஆசிரியரும் பொறுமையானவரானால், ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பலாம். அமையாவிட்டால் அருகிலுள்ள அங்கன்வாடியில் விளையாடிக் கழியும் ஓராண்டு வீணாகாது. பிறந்த தேதியை மாற்றி எழுதச் சொல்லும் பழைய வழியை மட்டும் நாடலாகாது; அந்தத் தேதி வாழ்நாள் முழுவதும் குழந்தையோடு வரும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதத்தைக் குறித்து வைத்துக் கொள்ளலாம். எழுதத் தடுமாறும் குழந்தையைப் பற்றி முடிவுக்கு வருமுன், அது ஜூலையா ஆகஸ்டா என்று ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது.