பிரிந்தோர் மீண்டும் கூடும் கதை

தமிழரின் அகவாழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காதலின் தொடக்கத்தையே பேசுவர். கண்டதும் காதல், களவு, உடன்போக்கு ஆகியவையே மேடைகளிலும் வகுப்பறைகளிலும் விரித்துரைக்கப்படுகின்றன. ஆயினும், திருவள்ளுவர் காமத்துப்பாலை வகுத்துள்ள முறையை நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். அப்பாலின் 25 அதிகாரங்களுள் களவியலுக்கு உரியவை 7. கற்பியலுக்கு உரியவை 18. அப்பதினெட்டும் பிரிவாற்றாமையில் தொடங்கி ஊடலுவகையில் முடிகின்றன. காதலர் ஒருவரையொருவர் கண்டடைவதைக் காட்டிலும், பிரிந்தவர் மீண்டும் ஒருவரையொருவர் கண்டடைவதே விரித்துரைக்கத் தக்கது என வள்ளுவர் கருதினார் எனலாம்.

ஒருமுறை இழந்த அன்பை மறுமுறை பெறும் கதை, நாவல் இலக்கியத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் எழுதி, அவர் மறைந்த பின்னர் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' அதற்குச் சிறந்த சான்றாகும். பெரியவர் ஒருவரின் அறிவுரையைக் கேட்டுத் தான் விரும்பிய கடற்படை வீரனை மறுத்துவிட்ட ஆன் எலியட், எட்டாண்டுகள் கழித்து, 27ஆம் வயதில், அவனை மீண்டும் காண்கிறாள். அவர்கள் சந்திக்கும் இடம் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் சிற்றூர்ச் சூழல். அங்கே பழைய உறவை மறைக்கவும் இயலாது. எதிர்ப்படாமல் ஒதுங்கவும் இயலாது. இத்தகைய கதைகளுக்குச் சிற்றூர் பொருத்தமான களமாக அமைவதன் காரணம் இதுவே.

தமிழ் இலக்கியத்தில் இந்த இரண்டாம் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

காப்பியமும் முதல் நாவல்களும்

சிலப்பதிகாரத்தில் அவ்வாய்ப்பு கோவலனுக்குக் கிட்டியது. பொருளை எல்லாம் இழந்து வீடு திரும்பியவனைக் கண்ணகி ஏற்றுக்கொண்டாள். தன் சிலம்பையும் கொடுத்தாள். இருவரும் புதுவாழ்வு தேடி மதுரைக்கு நடந்தனர். கண்ணகி ஏதும் கூறாத பேதை என எண்ணுவது பிழையாகும். கொலைக்களக் காதையில், அவன் ஒழுகிய ஒழுக்கம் சான்றோர் போற்றாதது என்பதை அவள் நேர்படவே உரைத்துவிடுகிறாள். எனினும் ஏற்பதா, விடுப்பதா என்று அவளை எவரும் வினவவில்லை. மாதவிக்கோ மறுவாழ்வு என்பது துறவு ஒன்றாகவே அமைந்தது.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) பிரிவையும் கூடலையும் ஒருமுறைக்கு இருமுறை காட்டுகிறது. சத்தியபுரியில் ஒன்றாக வளர்ந்த பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் பேசப்பட்ட மணம், தந்தையர் பிணக்கினால் தடைப்படுகிறது, பின்னர் கைகூடுகிறது. மணமான பின் மீண்டும் பிரிவு நேர்கிறது. அப்பொழுது ஆணுடை தரித்து விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாளே கணவனைச் சிறையிலிருந்து மீட்கிறாள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்ணுக்கு அறிவையும் ஆட்சியையும் தந்தார் என்பது பெருமைக்குரியது. ஆயினும் அங்கே மீட்கப்படுவது ஏற்கெனவே அமைந்த ஓர் இல்லறமே.

கணவனை இழந்த பெண்ணுக்கு மறுவாழ்வு உண்டா என்னும் வினாவைத் துணிந்து எழுப்பியவர் அ. மாதவையா. இந்தியாவில் கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் வேறு, சமூகம் வேறு. 'சாவித்திரி சரித்திரம்' என்னும் பெயரில் 'விவேக சிந்தாமணி' இதழில் வரத் தொடங்கிய அவருடைய கதை பாதியிலேயே நின்றது. பின்னர் 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்னும் நூலாகி வெளிவந்தது. இளம் விதவையின் வாய்மொழியாகவே அமைந்து, அவளுடைய மறுமணத்தில் அக்கதை நிறைவுறுகிறது.

அடுத்த படியைக் கல்கியின் 'தியாகபூமி' எடுத்து வைத்தது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் 'ஆனந்த விகட'னில் தொடராகவும், 1939இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் திரைப்படமாகவும் அது வந்தது. தன்னைக் கைவிட்ட கணவன், தான் செல்வம் பெற்ற பின்னர் உரிமை கோரி வழக்காடும்போது, அவனுடன் வாழ இயலாது என்று சாவித்திரி நீதிமன்றத்தில் மறுத்துரைக்கிறாள். மறுவாய்ப்பு அளிப்பதும் அளிக்காதிருப்பதும் பெண்ணின் உரிமை என்னும் கருத்தைத் தமிழ் மக்கள் திரையரங்கில் அமர்ந்து கேட்டனர். மு. வரதராசனாரின் 'கரித்துண்டு' (1953) இன்னும் ஒரு படி முன் சென்றது. காலிழந்து தெருவில் கரித்துண்டால் படம் வரையும் ஓவியனை மனைவி பிரிகிறாள். வாழ்க்கையில் அடிபட்ட வேறொரு பெண் அவனுக்குத் துணையாகிறாள். நூலறிவு மிக்கவர் இதனை ஒழுக்கக்கேடு எனத் தூற்றுவரோ என்னும் தயக்கமின்றி, அறம் எது என்று மு.வ. வாசகரையே சிந்திக்க வைத்தார். இந்நாட்டுத் தமிழாசிரியர் பலர் மு.வ.வின் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கப்பலில் வந்த பிரிவு

மலாயாத் தமிழரின் வரலாறே பிரிவில் தொடங்குகிறது. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் வந்திறங்கியோருள் ஆடவரே மிகுதி. அங்கிருந்து இரயிலேறிச் சிலர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். சிலர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே வேலையில் அமர்ந்தனர். ஊரில் மனைவி, இங்கே ஒண்டிக்கட்டை வாழ்வு என்பதே பலருடைய நிலை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும், இந்நாட்டு இந்தியருள் ஆயிரம் ஆடவருக்கு ஐந்நூறு பெண்டிர்கூட இல்லை.

இத்தகைய சூழலில் மறுமணம் தோட்டத்து லயங்களில் அரிதன்று. தமிழகத்து உழைக்கும் மக்களிடையே 'அறுத்துக் கட்டுதல்' என்னும் வழக்கம் நெடுங்காலமாகவே இருந்தது. ஏட்டறிவு பெற்றோரின் நாவல் புரட்சி எனக் கொண்டாடியதை, எழுத்தறியாத பால்மரத் தொழிலாளி வாழ்க்கை வழக்கமாகவே கொண்டிருந்தாள். அதனை இழிவாகப் பேசியவர்களும் இருந்தனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோது பரவிய சுயமரியாதைக் கருத்துகள், அவ்வழக்கத்திற்குக் கொள்கை வலுவைத் தந்தன.

மலேசியத் தமிழரின் முதல் நாவல் எனப் போற்றப்படும் வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' 1917இல் வெளிவந்தது. 'காதலின் மாட்சி' என்பது அதன் மற்றொரு பெயர். இந்நாட்டு நாவல் காதலின் பெயர் தாங்கியே பிறந்தது என்பது மகிழ்தற்குரியது.

சயாமுக்குப் போனவர்கள்

1942இல் தொடங்கிய ஜப்பானியர் ஆட்சி முன்னெப்போதும் இல்லாத பிரிவை விளைவித்தது. பர்மாவையும் சயாமையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைக்க, மலாயாவிலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். முதலில் கூலியும் வசதியும் தருவதாக ஆசை காட்டினர். பின்னர் வலிந்து இழுத்துச் சென்றனர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. போர் முடிந்தது 1945இல். அதற்குப் பின்னரே எஞ்சியோர் மெல்லத் திரும்பினர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் லயத்து வீட்டில் காத்திருந்தவளின் நிலை யாது? மணத்திற்கும் பத்திரமில்லை, மரணத்திற்கும் பத்திரமில்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்று கூற எவருமில்லை. பிள்ளைகளின் பசி தீர்க்க மறுமணம் செய்துகொண்டோர் உண்டு. மாண்டார் எனக் கருதப்பட்டவர் வாசலில் வந்து நின்றதும் உண்டு. அவ்வாசலில் நின்ற மூவருள் குற்றவாளி எவருமில்லர். வள்ளுவரின் தலைவி அறிந்த பிரிவில் மீட்சி பற்றிய நம்பிக்கை இருந்தது. இங்கே அந்த நம்பிக்கையே மற்றொருவருக்குத் துயரமாயிற்று.

மணமகன் மாண்டானா என்பது தெரியாத நிலைக்குச் சட்டம் இன்று வழிகாட்டுகிறது. 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதாருள் துணைவர் ஏழாண்டுகள் தொடர்ந்து காணாதிருந்து, உயிருடன் இருப்பதற்கான காரணம் ஏதும் தெரியவில்லையெனில், அவர் மாண்டதாகக் கொண்டு மணத்தை முறிக்குமாறு நீதிமன்றத்தை நாடலாம். சயாம் சென்றோரின் மனைவியருக்கு இவ்வழி நாற்பது ஆண்டுகள் பிந்தியே வந்தது.

இலக்கியமும் பிந்தியே வந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வெளிவந்தன. இவை அக்கொடுமையை மறவாமல் காத்த அருஞ்செயல்கள். ஆயினும் சயாம் சென்றவனின் கதை வேறு, வாசலில் நின்றவளின் கதை வேறு. முன்னது துன்பத்தின் வரலாறு. பின்னது துன்பத்திற்குப் பின் வாழத் துணிந்த வரலாறு.

நிறைவாக

காப்பியம் கணவனுக்கு அளித்த மறுவாய்ப்பை, மாதவையா கைம்பெண்ணுக்கு அளித்தார்; கல்கி அதனை மறுக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தார்; மு.வ. மணவுறவின் அறத்தையே மறுஆய்வு செய்தார். இவ்வளர்ச்சியை மாணவர் வரிசைப்படக் கற்பாராயின், காதல் இலக்கியம் என்பது பொழுதுபோக்கு அன்று, சமூக அறத்தின் வரலாறே என்பதை உணர்வர்.

மறுமணம் செய்துகொண்ட பாட்டியைப் பற்றிக் குடும்பத்தில் தாழ்ந்த குரலில் பேசும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிபட்டுவிட்டன. அங்கே வாழ்ந்து சயாம் காலத்தைக் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்கள் கூறியவற்றைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நினைவில் வைத்திருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்வது ஆசிரியர்களால் ஆகக்கூடிய பணி. இழந்த வாழ்வை மீண்டும் கட்டி எழுப்பிய அப்பெண்மணிகளின் பெயர்கள் தலைநிமிர்ந்து சொல்லப்பட வேண்டியவை.