யார் கண்ட விளைவு: கிள்ளான் பள்ளத்தாக்கில் கள்ளும் ஊக்கிமருந்தும்

மனத்தை மாற்றும் ஒரு பொருளின் விளைவை யார், எந்த வேளையில் பார்த்தார் என்பதைப் பொறுத்தே அதைப் பற்றிய தீர்ப்பு அமைகிறது என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வரலாற்றில், ஊக்கிமருந்து மாத்திரைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே சான்று உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்று நடந்த கள்ளுக்கடைகளுக்குச் சார்பாக, சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைவிடத் தென்னங்கள் மேல், அது உடலுக்கு ஊட்டமும் தரும் என்று வாதிடப்பட்டது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், தொழிலாளி வந்து நின்றானா என்பதே துரைமாருக்கு அளவுகோலாக இருந்ததால், மாலைக்குப் பின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், எழுந்த சண்டையும் கரைந்துபோன கூலிப்பணமும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. அவற்றைக் கண்டவர்கள் லயத்து மக்களே. 1941இல் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முதலியோரின் முயற்சியால் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரிக்கையாயிற்று.

கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த, ஏ.டி.எச்.டி. எனப்படும் குறைபாட்டுக்குச் சிறுவர்களுக்குத் தரப்படும் ஊக்கிமருந்துகளின் வரலாறும் இதே சிக்கலோடுதான் தொடங்கியது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சிறுவர் மருத்துவ இல்லம் ஒன்றை நடத்திய சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் கொண்ட 30 சிறுவர்களுக்குப் பென்செட்ரின் என்னும் ஆம்பெட்டமின் மருந்தைக் கொடுத்து, 1937இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்களுள் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்ததாகக் குறிப்பிட்டார். அதே கட்டுரையில், 15 பேர் உணர்ச்சிகளை வெளிக்காட்டுவதில் அடங்கிப்போனார்கள் என்பதும், சிலர் எளிதில் அழுதார்கள் என்பதும் பதிவாகியுள்ளன. இன்று பக்கவிளைவு என ஐயுறப்படும் அந்த அடக்கத்தை அவர் முன்னேற்றத்தின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். அடங்காத பிள்ளைகளைக் கவனித்துச் சலித்த ஓர் இல்லத்தில் அது வேறுவிதமாகத் தோன்றியிருக்கவும் முடியாது. இப்போது பரவலாக வழங்கும் மெத்தில்பெனிடேட், 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கியது. பத்தாண்டு கழித்து ரிட்டலின் என்ற பெயரில் முதலில் பெரியவர்களின் சோர்வுக்கே விற்கப்பட்ட அது, 1960களில்தான் பெருமளவில் சிறுவர்களிடம் வந்தது.

மலேசியாவில் இம்மருந்தை முதலில் வரையறுத்தது சட்டம். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் 1989இல் வந்த மனமாற்றுப் பொருள் விதிமுறைகள் மெத்தில்பெனிடேட்டைக் கட்டுப்படுத்தின. தெருவில் ஷாபு என வழங்கும் மெத்தம்பெட்டமினோ, 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்குள் அடங்கும். இரண்டும் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் ஓட்டத்தைக் கூட்டுபவை என்பது உண்மையேயானாலும், மருத்துவர் குறித்த சிறு அளவை வாய்வழி விழுங்குவதற்கும் போதைக்காகப் புகைப்பதற்கும் இடையே மிகப்பெரிய தொலைவு இருக்கிறது. பூட்டு, பதிவேடு, கையிருப்புக் கணக்கு என்று மருந்து கசிந்துவிடாமல் காப்பதிலேயே சட்டத்தின் கவனம் நின்றது. அந்தப் பதிவேட்டில் பிள்ளையின் மனநிலைக்கு ஒரு கட்டம் கிடையாது.

அதற்கு இடம் தந்தவை மருத்துவ வழிகாட்டி நூல்கள்தாம். ஏ.டி.எச்.டி. குறைபாட்டுக்கான மலேசிய வழிகாட்டி 2008இல் வெளிவந்து, 2020இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கண்டது. நோயறிதலிலும் தொடர்கவனிப்பிலும் வீடு, பள்ளி ஆகிய இரு தரப்பின் தகவலையும் கேட்பது இத்துறையின் வழக்கமாகியிருப்பதன் பொருள், பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகே லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ பிள்ளையை அழைத்துவரும் ஒரு தாயின் நாளைப் பார்த்தால் தெளிவாகும். குறுகிய நேரம் செயல்படும் மெத்தில்பெனிடேட்டின் வலிமை ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே காலையில் விழுங்கிய மாத்திரையின் சிறந்த பகுதி முழுவதும் வகுப்பறைக்குப் போய், அது இறங்கும் வேளையின் எரிச்சல், அழுகை, முன்னைவிட மிகுந்த துடுக்கு ஆகியவை வீட்டுக்கு வந்துசேர்கின்றன. ஆசிரியர் மருந்தைப் புகழ்வதும் தாய் அதை நிறுத்தக் கேட்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்.

இந்த நேரக்கணக்கே மருத்துவருக்குத் துப்பாகவும் உதவுகிறது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது பிள்ளை களையிழந்து, பேச்சற்று, சிரிப்பற்றிருந்தால் அளவு மிகுந்துவிட்டதோ என்றும், மாலையில் மட்டும் சினந்தால் மருந்து இறங்குவதன் எதிர்வினையோ என்றும் முதலில் ஆராயப்படும். ஊக்கி வகையைச் சேராத அடோமாக்செட்டின் என்னும் மருந்துக்கு இந்த அன்றாட ஏற்றவிறக்கம் குறைவு. ஆயினும் அதன் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதோடு, சிறுவர்களிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையை 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன்மேல் பொறிக்கச் செய்தது. மெத்தில்பெனிடேட்டின் மாலைச் சரிவைத் தாங்கப் பிற்பகலில் சிறிய இரண்டாம் அளவு தரப்படுவதும் உண்டு. அப்போது டியூஷன் முடிந்து வீடு வரும்வரை பிள்ளை நிதானமாக இருக்கும், ஆனால் இரவுச் சோற்றிலும் உறக்கத்திலும் குறை விழும்.