ஒரு டாலர் சம்பளம் முதல் செனட் விசாரணை வரை: அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில் தலைமைக்கான தகுதிகளின் வரலாறு

போர்த் தளவாட உற்பத்தியை அரசின் சார்பில் வழிநடத்தும் பதவியில் யாரை அமர்த்துவது என்ற கேள்வி, முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவில் ஓயாமல் எழுந்து வந்துள்ளது. அங்கே தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை, வாங்குவது அரசு, செலவாவது மக்களின் வரிப்பணம். ஆகவே அப்பதவிக்கு வருபவருக்குத் தொழில் நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதே தொழிலில் அவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கவும் கூடாது. தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் பெரும்பாலும் அதில் சம்பாதித்தவர்களே என்பதால் இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்து அமைவது அரிது. தகுதி பற்றிய சட்டங்களும் நடைமுறைகளும் ஒவ்வொரு நெருக்கடியிலும் இவற்றில் ஏதேனும் ஒன்றின் பக்கம் சாய்ந்தே மாறியிருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு, ராக் ஐலண்டு போன்ற அரசுப் படைக்கலச் சாலைகளை இராணுவத்தின் படைக்கலப் பிரிவு அதிகாரிகள் நடத்தினர். அவர்களுடைய இராணுவப் பயிற்சியும் பொறியியல் அறிவுமே போதிய தகுதியாகக் கருதப்பட்டன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபோது இந்த ஏற்பாடு தாங்கவில்லை. எஃகு, செம்பு, இரயில் பெட்டி, கம்பளித் துணி என நாட்டின் மொத்த உற்பத்தியையும் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதற்காக அவ்வாண்டு ஜூலை 28 அன்று போர்த் தொழில்கள் வாரியம் அமைக்கப்பட்டது. முதல் தலைவர் ஃபிராங்க் ஸ்காட், கிளீவ்லாந்தைச் சேர்ந்த இயந்திரக் கருவி உற்பத்தியாளர். உடல்நலம் கெட்டு சில மாதங்களில் விலகினார். அடுத்து வந்த டேனியல் வில்லர்டு ஒரு பெரிய இரயில் நிறுவனத்தின் தலைவர். வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்பதைக் கண்டு அவரும் 1918 ஜனவரியில் வெளியேறினார். 1918 மார்ச்சில் அதிபர் வில்சன் பெர்னார்டு பரூக்கை நியமித்தார். பரூக் எந்தத் தொழிற்சாலையையும் நடத்தியவர் அல்லர், பங்குச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டியவர். எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு கையிருப்பு, யாருக்கு யார் கடன்பட்டவர், எந்த விலை நியாயமானது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்னவர்கள் இருவருக்கும் கிடைக்காத ஒன்றும் அவருக்குக் கிடைத்தது: அதிபரே எழுதிக் கொடுத்த தெளிவான அதிகாரம். ஆளின் தகுதியைப் பற்றிப் பேசுவோர் பதவியின் வலிமையை மறந்துவிடுவது இந்த வரலாறு நெடுகக் காணப்படும் குறை.

பரூக்குடன் வாஷிங்டனுக்கு வந்த தொழிலதிபர்கள் ‘ஆண்டுக்கு ஒரு டாலர் மனிதர்கள்’ எனப்பட்டனர். சம்பளமின்றித் தன்னார்வ உழைப்பை அரசு ஏற்பதை 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அந்தத் தடையைத் தாண்டவே பெயருக்கு ஒரு டாலர். ஆனால் 1917 மார்ச்சில் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், அரசு ஊழியர் தம் பணிக்காக வெளியாரிடம் ஊதியம் பெறுவதையும் குற்றமாக்கியது. கம்பெனியில் சம்பளம், அரசில் அதிகாரம் என்ற இரட்டை நிலை அப்போதே சட்டச் சிக்கலாகிவிட்டது.

போர் முடிந்ததும் பார்வை மாறியது. 1920ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம், கொள்முதலையும் தொழில் அணிதிரட்டல் திட்டமிடலையும் போர்த் துறையின் உதவிச் செயலரிடம் ஒப்படைத்தது. அமெரிக்காவில் துறைச் செயலர் என்பவர் அமைச்சருக்கு நிகரானவர். அவருக்குக் கீழே துணைச் செயலர், சார்புச் செயலர், உதவிச் செயலர் என்ற வரிசை பின்னாளில் அமைந்தது. இவர்கள் தேர்வெழுதி மேலே வந்த நிரந்தர அதிகாரிகள் அல்லர். அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் அளிப்பவர்கள். 1924இல் வாஷிங்டனில் இராணுவத் தொழில் கல்லூரி தொடங்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே எஃகாலையையும் மூலப்பொருள் சந்தையையும் படிக்க அதிகாரிகளுக்கு அது முதல் வாய்ப்பு. பரூக் அங்கே விரிவுரை ஆற்றினார். 1933இல் தேர்ச்சி பெற்ற மாணவர்களில் ஒருவர், பின்னாளில் அதிபரான டுவைட் ஐசனாவர். இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1934 முதல் 1936 வரை செனட்டர் ஜெரால்டு நை தலைமையிலான குழு ஆயுத வணிகர்களின் இலாபத்தைக் கிளறியதால், தொழிலதிபரை அரசுக்குள் விடுவது பற்றிய ஐயம் மக்களிடையே வேரூன்றியது.

அந்த ஐயம் தணியாத நிலையிலேயே 1940 மே மாதம் வில்லியம் நுட்சென் அழைக்கப்பட்டார். டென்மார்க்கிலிருந்து இருபது வயதில் புலம்பெயர்ந்து, கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து, ஃபோர்டில் தொடர் உற்பத்தி முறையைக் கற்று, ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானவர் அவர். அவருடைய தகுதி எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். டாங்கி செய்ய ஆள் தேவைப்பட்டபோது அவர் போட்டிக் கம்பெனியான கிரைஸ்லரின் தலைவர் கெல்லரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். கிரைஸ்லர் பொறியாளர்கள் அதுவரை டாங்கி கட்டியதில்லை. ராக் ஐலண்டு சென்று வரைபடங்களை வாங்கி வந்து, ஒவ்வோர் உறுப்பையும் மரத்தில் செய்து பொருத்திப் பார்த்தார்கள். டெட்ராய்ட்டுக்கு வெளியே வயல்வெளியில் ஆலை எழுந்தது. 1941 ஏப்ரலில் முதல் டாங்கி வெளிவந்தது. போர் முடிவதற்குள் அங்கே 22,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் கட்டப்பட்டன. யாரால் எதைச் செய்ய முடியும், எவ்வளவு காலத்தில் முடியும் என்ற கணிப்பு எந்தப் பட்டப்படிப்பிலும் கிடைப்பதன்று. ஆலைத் தளத்தில் நாற்பது ஆண்டு நின்றவருக்கே வாய்ப்பது.

ஆனால் அரசு நிர்வாகம் நுட்செனுக்குப் பிடிபடவில்லை. 1941இல் உற்பத்தி மேலாண்மை அலுவலகம் அமைந்தபோது தொழிற்சங்கத் தலைவர் சிட்னி ஹில்மனுடன் பொறுப்பைப் பகிர வேண்டியிருந்தது. யார் முடிவெடுப்பது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. 1942 ஜனவரியில் அந்த அலுவலகத்தைக் கலைத்துவிட்டுப் போர் உற்பத்தி வாரியத்தை அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்தார்; தம் பதவி போனதை நுட்சென் செய்தி வழியாகவே அறிந்தார். அவருக்கு இராணுவத்தில் லெப்டினென்ட் ஜெனரல் பதவி தரப்பட்டது. படையில் பணியாற்றாத ஒருவர் நேரடியாக அந்தத் தகுதி பெற்றது அதுவே முதல்முறை. புதிய வாரியத்தின் தலைவர் டொனால்டு நெல்சன், சியர்ஸ் நிறுவனத்தின் கொள்முதலை நிர்வகித்தவர். அதே மாதம் செனட்டர் ட்ரூமனின் விசாரணைக் குழு, ஒரு டாலர் மனிதர்கள் தம் கம்பெனிகளில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசு முடிவுகளை எடுப்பதைக் கடுமையாகச் சாடியது. அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது என்று நெல்சன் வாதிட்டார்; போர் நெருக்கடியை எண்ணி ட்ரூமன் விட்டுக்கொடுத்தார். நெல்சனுக்கும் இராணுவக் கொள்முதல் அதிகாரிகளுக்கும் ஓயாத இழுபறி நடந்தது. 1943 மேயில் அணிதிரட்டல் அலுவலகம் ஒன்றை ஜேம்ஸ் பர்ன்ஸ் தலைமையில் அமைத்த பிறகே பூசல்கள் ஓரளவு அடங்கின. பர்ன்ஸ் செனட்டராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். எந்த ஆலையையும் நடத்தியவர் அல்லர். உற்பத்தியைத் தொடங்க நுட்சென் போன்றவர் தேவைப்பட்டார். உற்பத்தியைப் பங்கிட, அரசியல் வல்லமை கொண்ட ஒருவர் தேவைப்பட்டார்.

1947ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் தளவாட வாரியம் என்ற அமைப்பைச் சட்டபூர்வமாக நிறுவியது. பாதுகாப்புச் செயலர் குடிமக்களிலிருந்தே வர வேண்டும், படையிலிருந்து விலகிப் பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது. பின்னாளில் அது ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் சார்லஸ் வில்சனைப் பாதுகாப்புச் செயலராக ஐசனாவர் முன்மொழிந்தபோது பழைய கேள்வி முழு வேகத்தில் திரும்பியது. வில்சனிடம் அந்நிறுவனத்தின் 25 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. அவற்றை விற்க அவர் தயங்கினார். செனட் குழு விடவில்லை. விற்பதாக ஒப்புக்கொண்ட பிறகே பதவி கிடைத்தது. பாதுகாப்புப் பதவிக்கு வருபவர் படைத்தளவாட நிறுவனப் பங்குகளைக் கைவிட வேண்டும் என்ற வழக்கத்துக்கு இது வலுவான முன்னுதாரணமாயிற்று.

சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் வானேறிய பின் அறிவியலும் தகுதிப் பட்டியலில் சேர்ந்தது. 1958இல் உருவான ஆராய்ச்சி, பொறியியல் இயக்குநர் பதவியில் முதலில் அமர்ந்தவர் லிவர்மோர் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் ஹெர்பர்ட் யார்க். அதன்பின் 1969இல் துணைச் செயலராக வந்த டேவிட் பேக்கர்டு, தொழிலறிவும் ஆதாயமின்மையும் சேர்ந்து அமைந்த அரிய எடுத்துக்காட்டு. ஹியூலட் பேக்கர்டு நிறுவனத்தில் அவருக்கிருந்த ஏறத்தாழ 30 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்தார். பதவிக்காலத்தில் வரும் ஈவுத்தொகையும் மதிப்பு உயர்வும் அறப்பணிகளுக்கே என்று எழுதிக் கொடுத்தார். வாங்கும் முன் பறக்கவிட்டுச் சோதிக்க வேண்டும் என்ற கொள்கையை அவர் வலியுறுத்தினார். திட்ட மேலாளர்களுக்குப் பயிற்சி இல்லாததைக் கண்டு, 1971இல் ஃபோர்ட் பெல்வாரில் தனிப் பள்ளி தொடங்கவும் காரணமானார்.

1980களில் 435 டாலர் சுத்தியல் போன்ற உதிரிப்பொருள் விலை முறைகேடுகள் வெளிவந்து மக்கள் கொதித்தபோது, விசாரிக்க அதிபர் ரீகன் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் பேக்கர்டுதான். கொள்முதலுக்கென முழுநேரச் சார்புச் செயலர் ஒருவர் வேண்டும், அவர் தொழில்துறையில் ஆழ்ந்த அனுபவம் உடையவராக இருக்க வேண்டும் என்று 1986இல் அக்குழு பரிந்துரைத்தது. அவ்வாண்டே சட்டம் அப்பதவியை உருவாக்கியது. பெக்டல் நிறுவனத்திலிருந்து வந்த ரிச்சர்டு காட்வின் அதில் முதலில் அமர்ந்தார். படைப்பிரிவுகள் தத்தம் கொள்முதல் அதிகாரத்தை விட்டுத்தரவில்லை. காகிதத்தில் இருந்த அதிகாரம் கைக்கு வராமல், ஓராண்டிலேயே அவர் விலகினார். வில்லர்டுக்கு 1918இல் நேர்ந்ததே எழுபது ஆண்டு கழித்து இவருக்கும் நேர்ந்தது. சட்டம் கேட்ட தகுதி அனைத்தும் காட்வினிடம் இருந்தது என்பது கவனத்துக்குரியது.

1990இல் நிறைவேறிய பாதுகாப்புக் கொள்முதல் பணியாளர் மேம்பாட்டுச் சட்டம், தலைமைக்கு அடுத்த படிகளை முதன்முறையாக அளவுகோலுக்குள் கொண்டுவந்தது. பெருந்திட்ட மேலாளருக்குக் கொள்முதல் பணியில் எட்டாண்டு அனுபவம், அதற்கு மேலுள்ள திட்ட நிர்வாக அதிகாரிக்குப் பத்தாண்டு, இருவருக்கும் குறித்த பயிற்சி என்று வரையறுத்தது. பாதுகாப்புக் கொள்முதல் பல்கலைக்கழகமும் இச்சட்டத்தின் விளைவே. அதற்கு முன் களத்தில் சிறந்த போர்விமானி என்பதற்காகவே விமானத் திட்டமொன்றின் பொறுப்பைப் பெற முடிந்தது. இந்த நூறாண்டில் செய்யப்பட்ட திருத்தங்களில் நீடித்த பயன் தந்தது இதுவே எனலாம்.

அனுபவம் நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை விமானப் படையின் டார்லீன் டுரூயன் வழக்கு உணர்த்தியது. கொள்முதலில் நீண்ட அனுபவம் பெற்ற அவர், போயிங் நிறுவனத்துடன் எரிபொருள் நிரப்பும் விமானக் குத்தகை பேசிக்கொண்டிருந்தபோதே அங்கு வேலைக்கும் பேசினார். ஆண்டுக்கு 2,50,000 டாலர் சம்பளத்தில் சேரவும் செய்தார். 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதன்பின் விதிகள் பதவியில் நுழைவதற்கு மட்டுமன்றி, பதவியை விட்டுப் போவதற்கும் இறுகின. மூத்த கொள்முதல் அதிகாரிகள் பதவி விலகி இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்த நிறுவனத்தில் சேர விரும்பினால் எழுத்துவழி நெறிமுறைக் கருத்துரை பெற வேண்டும் என்று 2008இல் சட்டமாயிற்று.

இதற்கிடையே தொழிலின் உருவமே மாறிவிட்டிருந்தது. 1993இல் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் நடந்த இரவு விருந்தொன்றில், பனிப்போருக்குப் பின் இத்தனை நிறுவனங்களை அரசால் தாங்க முடியாது என்று தொழிலதிபர்களிடம் துணைச் செயலர் வில்லியம் பெர்ரி சொன்னார். நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கின; 51 பெரும் வான்வெளி, பாதுகாப்பு நிறுவனங்கள் ஐந்தாகச் சுருங்கின என்று பாதுகாப்புத் துறையே 2022இல் கணக்கிட்டது. அருமண் தனிமங்கள் சீனாவிடமிருந்து வர வேண்டிய நிலை உருவாயிற்று. உக்ரைன் போர் வெடித்தபோது 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகளின் மாத உற்பத்தி ஏறத்தாழ 14,000ஆகவே இருந்தது. அதை 1,00,000ஆக்குவது இலக்கானது. நல்ல விலைக்கு நல்ல ஆயுதம் வாங்குபவர் மட்டும் போதாது, தொழில் அடித்தளத்தையே பேணுபவர் வேண்டும் என்பது தெளிவானது.

சட்டமும் அத்திசையில் நகர்ந்தது. 2018 பிப்ரவரியில் பழைய கொள்முதல் சார்புச் செயலர் பதவி இரண்டாகப் பிரிந்தது. ஆராய்ச்சி, பொறியியல் பதவிக்குத் தொழில்நுட்பம், அறிவியல் அல்லது பொறியியல் பின்னணியைச் சட்டம் கேட்டது. கொள்முதல், பராமரிப்புப் பதவிக்கு ஆயுத அமைப்பு உருவாக்கம், பொறியியல், உற்பத்தி, நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றில் விரிந்த பின்னணியோடு, சிக்கலான திட்டங்களை நடத்திய அனுபவமும் வேண்டும் என்றது. 2021ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் தொழில் அடித்தளக் கொள்கைக்கென்றே ஓர் உதவிச் செயலர் பதவியை உருவாக்கியது.

இப்பதவிகளுக்கு முன்மொழியப்படுபவர் சொத்து, பங்கு, முன்னாள் முதலாளி என அனைத்தையும் அறிக்கையாகத் தர வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசு நெறிமுறைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. செனட் ஆயுதப்படைக் குழு, விசாரணைக்கு முன் நீண்ட கேள்வித்தாளை அனுப்புகிறது. இப்பதவிக்குத் தகுதியாக்கும் பின்னணியும் அனுபவமும் யாவை என்பது அதில் வழக்கமாக இடம்பெறும் கேள்வி. பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பவர் அவற்றை விற்றாக வேண்டும்.

தொழில் அடித்தளக் கொள்கைக்கான உதவிச் செயலராக செனட்டின் ஒப்புதலை முதலில் பெற்றவர் லாரா டெய்லர்-கேல். அது 2023 மார்ச்சில். அவர் ஆலை அதிபரோ தளபதியோ இயற்பியலாளரோ அல்லர். வெளியுறவுப் பணி, அரசின் வெளிநாட்டு முதலீட்டு நிதி நிறுவனம், வணிகத் துறையின் உற்பத்திப் பிரிவு ஆகியவற்றின் வழியே வந்தவர். 2024 ஜனவரியில் அவரது அலுவலகம் நாட்டின் முதல் தேசியப் பாதுகாப்புத் தொழில் வியூகத்தை வெளியிட்டது. தாக்குப்பிடிக்கும் விநியோகச் சங்கிலி, தொழிலாளர் ஆயத்தம், நெகிழ்வான கொள்முதல், பொருளாதார வழியில் எதிரியைத் தடுத்தல் என நான்கு முன்னுரிமைகள் அதில் உள்ளன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் மனத்தில் கொண்டிருந்தது இவற்றுள் மூன்றாவதை மட்டுமே. மற்ற மூன்றுக்கும் கனிம வணிகம், கடன் உத்தரவாதம், தொழிற்பயிற்சி, நட்பு நாடுகளுடனான பேச்சு ஆகியவற்றை அறிந்தவர் தேவைப்படுகிறார்.