எட்டுப் போட்டால் போதுமா?

“எட்டுப் போட்டாயா?” ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குச் சென்று வீடு திரும்பும் இளைஞனிடம் மதுரைப் பக்கத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். தரையில் வரையப்பட்ட எட்டு வடிவக் கோட்டின் மேல், காலை ஊன்றாமல் இருசக்கர வண்டியை மெல்ல ஓட்டிக் காட்டவேண்டும். அதைச் செய்துவிட்டால் தேர்வின் பெரிய கண்டம் தாண்டியாயிற்று என்பது ஊரார் எண்ணம். உரிமம் கைக்கு வந்த அன்றே அவன் திருமங்கலம் செல்லும் நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே வண்டி ஓட்டலாம். சட்டம் தடுக்காது.

அந்த எட்டு, இந்தச் சாலைக்கு அவனை ஆயத்தப்படுத்தியதா? இதற்கு விடை காண, ஓட்டுநர் தேர்வு பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

தேர்வு பிறந்த கதை

மோட்டார் வண்டி ஓட்டத் தகுதிச் சான்று வேண்டும் என்று முதன்முதலில் கட்டளையிட்ட நகரங்களில் ஒன்று பாரிஸ். அந்நகரக் காவல்துறைத் தலைவர் லெப்பீன் 1893-ஆம் ஆண்டு இந்த ஆணையைப் பிறப்பித்தார். அந்நாளில் வண்டிகள் சில. அவற்றின் இயந்திரங்களோ சண்டித்தனம் மிக்கவை. ஆகவே, இயந்திரத்தை அடக்கி ஆளத் தெரியுமா என்பதே முக்கியக் கேள்வியாக இருந்தது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம் கிடைத்தது. தேர்வு எதுவும் இல்லை. வண்டிகள் பெருகின. 1934-ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் சாலைகளில் மாண்டனர். அதன் பின்னரே, 1935 ஜூன் முதல் நாளிலிருந்து புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் தேர்வு நிலையங்கள்கூட இல்லை. ரயில் நிலையம், பூங்கா போன்ற இடங்களில் தேர்வாளர் காத்திருந்து, வண்டியில் ஏறிக்கொண்டு, சாலையிலேயே தேர்வை நடத்தினார்.

1935-இல் சாவுகள் சுமார் 6,500 ஆகக் குறைந்தன. இது தேர்வின் வெற்றியா? அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேகவரம்பும் வந்தது. பாதசாரிகள் கடக்கும் இடங்களும் அப்போதுதான் ஏற்படுத்தப்பட்டு வந்தன. ஒரு நோய்க்கு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால், குணமாக்கியது எது என்று கூறுவது கடினம் அல்லவா?

நம் நாட்டில்

மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கி வளர்த்த காலத்தையொட்டி, 1914-இல் இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி ஓட்டக்கூடாது என்றது அச்சட்டம். அதன் இடத்தில் வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம், தேர்வில் என்னென்ன சோதிக்கவேண்டும் என்பதைத் தன் மூன்றாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. பிற வண்டிகளை முந்துதல், எதிர்கொள்ளுதல், வலப்புறமும் இடப்புறமும் சரியாகத் திரும்புதல், அவசரத்தில் நிறுத்துதல், பின்னோக்கிச் செலுத்துதல், சைகை காட்டுதல் ஆகியவை அதில் அடங்கும்.

இப்போது நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 15-ஆவது விதியும் ஏறத்தாழ இதே பட்டியலைத்தான் கூறுகின்றன. முந்துவதையும் எதிர்ப்படும் வண்டிக்கு வழிவிடுவதையும் வெற்று மைதானத்தில் எப்படிச் சோதிப்பது? சட்டம் நினைத்தது சாலையை. ஆனால் தேர்வுக்கு வருவோர் பலர், நேரமோ குறைவு என்ற நிலையில், பல ஊர்களில் தேர்வு சுருங்கிச் சுருங்கி எட்டுக்குள் அடங்கிவிட்டது.

எட்டு எதை அளக்கிறது?

எட்டுப் போடும்போது வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் வண்டி எளிதில் சாயும். அதைச் சாயாமல் காப்பது கைத்திறன். ஆனால் வேகம் கூடியதும் வண்டி தானே நிமிர்ந்து ஓடும். அங்கே ஆபத்து வேறு வடிவில் வருகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் சென்றுவிடும். பிரேக் பிடித்தபின், உலர்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். வேகம் 80 ஆனால் இது சுமார் 70 மீட்டராகிவிடும்.

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் சாலையோரத்தில் நெல் காயும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் இருளில் ஊர்ந்து செல்லும். தொலைவில் உள்ள திருப்பத்திற்குச் சென்று சுற்றிவர மனமின்றி, மொபெட் ஒன்று எதிர்த்திசையில் வரும். இங்கே உயிரைக் காப்பது 50 மீட்டருக்கு முன்பே ஆபத்தைக் கண்டுகொள்ளும் கண். எட்டு அந்தக் கண்ணைச் சோதிப்பதில்லை.

ஆய்வுகள் கூறுவது

தேர்வைக் கடுமையாக்கினால் போதும் என்பார் உண்டு. அதற்கு முன், தேர்வு நடக்கவாவது வேண்டும். டெல்லியில் 822 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், உரிமம் பெற்றோரில் 71 விழுக்காட்டினர் ஓட்டுத் தேர்வையே எழுதாதவர்கள் போல, அதில் கலந்துகொள்ளாமலே உரிமம் பெற்றிருந்தனர். ஆய்வாளர்கள் தனியே சோதித்தபோது 62 விழுக்காட்டினருக்கு ஓட்டும் தகுதி இல்லை. இடைத்தரகர் வழியே தேர்வைத் தவிர்க்க முடிந்ததே காரணம்.

நேர்மையாகப் பயிற்சி அளித்தாலும் பலன் உறுதியில்லை. 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டிகால்ப் வட்டாரத்தில் சுமார் 16,000 மாணவர்களைக் கொண்டு ஒரு பெரும் சோதனை தொடங்கியது. மிக விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில் விபத்துகள் சற்றுக் குறைந்தன. பின்னர் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

நம்பிக்கை தரும் முடிவுகளும் உண்டு. பிரிட்டன் 2002-இல் ஆபத்தை உணரும் தேர்வைச் சேர்த்தது. சாலைக் காட்சிகளைப் படமாகக் காட்டுவார்கள். ஆபத்து உருவாவதைக் கண்டதும் தேர்வு எழுதுபவர் பொத்தானை அழுத்தவேண்டும். இதன்பின் சிலவகை விபத்துகள் சுமார் 11 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. நியூசிலாந்து 1987-இல் உரிமத்தையே படிப்படியாக வழங்கத் தொடங்கியது. முதலில் பழகுநர், அடுத்து, இரவில் தனியே ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் தடையுள்ள உரிமம், அதன் பின்னரே முழு உரிமம். பட்டறிவைக் குறைந்த ஆபத்தில் சேர்த்துக்கொள்ள இது வழி செய்தது.

நாம் செய்யத்தக்கது

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 2021-இல் வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் 29 மணி நேரம் கார் ஓட்டப் பயின்று தேறியவருக்கு அரசுத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கின்றன. பயிற்சி கூடுவது நல்லதே. ஆனால் கற்பிப்பவரே தேர்ச்சியும் வழங்கினால், கண்காணிப்பு மிகக் கூர்மையாக இருக்கவேண்டும்.

தேர்வு மட்டுமே சாலையைக் காத்துவிடாது. வேகக் கட்டுப்பாடு, தலைக்கவசம், சாலை அமைப்பு ஆகியவையும் வேண்டும். எனினும் தேர்வு செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. எதைச் சோதிக்கிறோமோ அதைத்தான் இளைஞர் கற்றுக்கொள்வர். எட்டை மட்டும் கேட்டால் எட்டைத்தான் பழகுவர். சாலையைக் கேட்டால் சாலையைப் பழகுவர். அதுவரை, வீட்டிலுள்ள பெரியவர்களாவது “எட்டுப் போட்டாயா?” என்பதோடு நிறுத்தாமல், பிள்ளையின் பின்னால் நாலு நாள் அமர்ந்து சென்று, “அதோ, அங்கே என்ன வருகிறது, பார்த்தாயா?” என்றும் கேட்கட்டும்.