மூடாத நாளம்

கருவறையில் குழவி மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரல்கள் நீரால் நிறைந்திருக்கின்றன. ஆதலால் இதயத்தின் வலப்புறம் வெளியேற்றும் குருதியின் பெரும்பகுதி, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் ஒரு சிறு குறுக்குவழியாகவே கடந்து செல்கிறது. தமனி நாளம் எனப்படும் இவ்வழியைக் கிரேக்க மருத்துவர் கேலன் அறிந்திருந்தார். கருவில் இது எதற்காக அமைந்தது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி தம் நூலில் விளக்கினார்.

நிறைமாதக் குழவி பிறந்த இரண்டு மூன்று நாள்களில் நாளம் தானே சுருங்கி அடைபடும். குறைமாதக் குழவியிடம் அது பல வேளைகளில் திறந்தே கிடக்கும். அப்போது குருதி நுரையீரலுக்குள் மிகுதியாய்ப் பாய, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் சேரவேண்டியது குறைகிறது. 1938 ஆகஸ்டு 26இல் பாஸ்டன் நகரில் இராபர்ட் கிராஸ், தம் தலைமை மருத்துவர் விடுப்பில் இருந்த வேளையில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூடாத நாளத்தை நூலால் கட்டி வெற்றி கண்டார். ஆனால் ஒரு கிலோ எடைகூட இல்லாத குழவியின் மார்பைத் திறப்பது எளிதா?

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1930களில் சுவீடனின் ஊல்ஃப் ஃபான் ஆய்லர், விந்து நீரில் தசையையும் குருதிக்குழாயையும் இயக்கும் ஒரு பொருளைக் கண்டு, அது புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பதாகக் கருதிப் புராஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். கருத்து பிழையானது, அப்பொருள் உடலெங்கும் உருவாகிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர் இதை நினைவிற் கொள்வது நன்று. இப்பொருள் இயக்குநீரைப் போன்றது. எனினும் பெரும்பாலும் பிறந்த இடத்தருகே வினையாற்றி விரைவில் அழிகிறது. நுரையீரலே அதனை அழிக்கும் முதன்மைக் களம்.

இந்தச் செய்தியில்தான் புதிரின் திறவுகோல் இருந்தது. கருவில் நச்சுக்கொடி புராஸ்டாகிளாண்டினை வழங்குகிறது. நுரையீரலுக்குள் செல்லும் குருதி சிறிதாகையால் அழிவும் சிறிதே. நாளம் தளர்ந்து திறந்திருக்கிறது. பிறந்ததும் நச்சுக்கொடி நீங்குகிறது, நுரையீரல் விரிகிறது, பொருளின் அளவு வீழ்கிறது, உயிர்வளி ஏறுகிறது, நாளம் சுருங்குகிறது. குறைமாதக் குழவியின் நாளமோ உயிர்வளிக்குச் சரிவர இணங்காமல், புராஸ்டாகிளாண்டினுக்கே மிகுதியாய் இணங்குகிறது.

1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன எனக் காட்டினார். 1973இல் டொராண்டோவில் ஃபிளேவியோ கோசியானியும் பீட்டர் ஆலியும் ஆட்டுக்குட்டியின் நாளத்தைப் புராஸ்டாகிளாண்டின் தளர்த்துவதைப் பதிவு செய்தனர். பிறகு இரு வழிகள் பிரிந்தன. நாளம் திறந்திருந்தால் மட்டுமே உயிர் தங்கும் நீலநிறக் குழவிகளுக்கு அப்பொருளையே ஏற்றினர்; இது 1975இல் நியூசிலாந்திலிருந்து வெளியானது. நாளம் மூடவேண்டிய குறைமாதக் குழவிகளுக்கு இண்டோமெத்தசின் கொடுத்தனர். 1976இல் கலிபோர்னியாவின் இரு குழுக்கள் இதை அறிவித்தன. கருவுற்றோர் இறுதி மாதங்களில் இவ்வகை வலிநிவாரணிகளைத் தவிர்க்க வேண்டுமெனச் சொல்லப்படுவதற்கும் இதே காரணம் உண்டு: நாளம் கருவறையிலேயே சுருங்கிவிடக்கூடும்.

நாளத்தை மூடினால் குழவி தேறும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுவோம். மருத்துவரும் அவ்வாறே எண்ணினர். 2001இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழவிகளுக்கு முன்கூட்டியே இண்டோமெத்தசின் கொடுத்தபோது திறந்த நாளமும் மூளையின் கடுங்குருதிக்கசிவும் குறைந்தன. ஆயினும் பதினெட்டு மாதங்களில், குறைபாடின்றி உயிர் வாழ்வோரின் விழுக்காடு உயரவில்லை. அண்மை ஆண்டுகளில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் ஆய்வு, மிகக் குறைமாதக் குழவிகளுக்கு உடனே இபுப்ரோஃபென் கொடுப்பதைவிடக் காத்திருந்து கவனிப்பது தாழ்ந்ததன்று எனக் கண்டது. கிராஸ் நூலால் கட்டிய அந்த நாளத்தை, இன்று பல மருத்துவமனைகளில் எதிரொலிப் படக்கருவியால் அளந்தபடி காத்திருக்கின்றனர்.