கோபமும் மாரடைப்பும்: 230 வருஷமா நடக்கும் ஒரு விசாரணை

1/ 1793 அக்டோபர் 16. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நிர்வாகக் கூட்டம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் ஹண்டர் பேசிக்கிட்டு இருக்கார். மாணவர் சேர்க்கை பற்றி வாக்குவாதம். ஒருத்தர் மறுத்துப் பேச, ஹண்டர் பேச்சை நிறுத்திட்டு பக்கத்து அறைக்குப் போறார். அங்கேயே சரிஞ்சு விழுந்து இறந்துட்டார். வயசு 65.

2/ அவருக்கு நெஞ்சுவலி புதுசு இல்லை. பல வருஷமா இருந்தது. கோபம் வந்தா வலியும் வரும்னு அவருக்கே தெரியும். தன்னைச் சீண்ட நினைக்கிற எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்குன்னு சொல்வாராம்.

3/ அவருடைய மாணவர்தான் பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர். இதய ரத்தக்குழாயில்தான் கோளாறுன்னு ஜென்னர் முன்பே சந்தேகப்பட்டார். ஆசான் மனசு நோகுமேன்னு வெளியே சொல்லலை. பிரேதப் பரிசோதனையில் அந்தக் குழாய்கள் எலும்பு மாதிரி இறுகிக் கிடந்தன.

4/ இங்கே ரெண்டு விஷயம் இருக்கு. குழாய் இறுகினது பல வருஷக் கதை. கோபம் சில நிமிஷக் கதை. "டென்ஷனால் மாரடைப்பு வந்துச்சு"ன்னு நாம சொல்லும்போது முதல் பாதியை மறந்துடறோம்.

5/ அந்தச் சில நிமிஷத்தில் என்ன நடக்குது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வால்டர் கேனன் இதை ஆராய்ந்தார். ஆபத்துன்னு மூளை நினைச்ச உடனே அட்ரினலின் சுரக்கும். நாடித்துடிப்பு கூடும், பிரஷர் ஏறும், ரத்தம் சீக்கிரம் உறையத் தயாராகும். நாய் துரத்தினா இது உயிரைக் காப்பாத்தும். ஆனா கடன் தவணையும் மேலதிகாரியும் தினமும் துரத்தினா? ஓடி முடிக்கவே முடியாத ஓட்டம் அது.

6/ அடுத்து சான் பிரான்சிஸ்கோ. மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன்னு ரெண்டு இதய மருத்துவர்கள். அவங்க கிளினிக் நாற்காலிகளைச் சரிபண்ண வந்தவர், முன்விளிம்பு மட்டும் தேஞ்சிருக்கேன்னு கேட்டாராம். நோயாளிகள் சாய்ஞ்சு உட்காராம, எப்போ எழுந்து ஓடலாம்னு விளிம்பிலேயே உட்கார்ந்திருக்காங்க! 1959இல் ரெண்டு பேரும் "டைப் ஏ"ன்னு ஒரு குணத்தை விவரிச்சாங்க: எப்பவும் அவசரம், போட்டி, எரிச்சல். 3,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் சுமார் 2 மடங்கு.

7/ இந்த முடிவு யாருக்கு இனிச்சது தெரியுமா? சிகரெட் கம்பெனிகளுக்கு. "புகை இல்லைங்க, குணம்தான் காரணம்"னு சொல்ல வசதியாப் போச்சு. பிலிப் மோரிஸ் நிறுவனம் டைப் ஏ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பின்னாளில் அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் மூலமே வெளியே வந்தது. அடுத்தடுத்து வந்த பல ஆய்வுகளில் டைப் ஏ கருத்து நிக்கலை.

8/ அப்போ மன அழுத்தம் வெறும் கட்டுக்கதையா? இல்லை. 1967இல் தொடங்கின ஒயிட்ஹால் ஆய்வைப் பாருங்க. லண்டனில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள். பெரிய பொறுப்பு, பெரிய டென்ஷன். அதனால உயரதிகாரிக்குத்தான் மாரடைப்பு அதிகம்னு எல்லாரும் நினைச்சாங்க. மைக்கேல் மார்மட் குழு 1978இல் வெளியிட்ட முடிவு தலைகீழ். அடிமட்டத்தில் இருந்த பியூன்கள் உயரதிகாரிகளைவிட 3 மடங்குக்கும் மேல் இதய நோயால் இறந்திருந்தாங்க.

9/ பீடி சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுசா மறையலை. 1985இல் பெண்களையும் சேர்த்து ரெண்டாவது ஆய்வு. அதில் தெளிவாத் தெரிஞ்ச ஒரு காரணம்: தன் வேலையில் தனக்கே எந்தப் பிடியும் இல்லாத நிலை. எதை, எப்போ, எப்படிச் செய்யணும்னு எல்லாத்தையும் இன்னொருத்தர் முடிவு பண்ற வாழ்க்கை.

10/ 2004இல் இன்டர்ஹார்ட் ஆய்வு. தலைமை, கேரளாவில் பிறந்த சலீம் யூசுஃப். இந்தியா உட்பட 52 நாடுகள். மாரடைப்புக்கு 9 முக்கியக் காரணங்கள். மன அழுத்தம் அதில் ஒண்ணு. ஒண்ணு மட்டும்தான். புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை, தொப்பை எல்லாம் அதே பட்டியலில் இருக்கு.

11/ இதிலிருந்து நாம எடுத்துக்க வேண்டியது:

• "எனக்கு டென்ஷனால்தான் பிரஷர், அது போனா சரியாயிடும்"னு மாத்திரையை நிறுத்தாதீங்க. ஹண்டரின் குழாய் கோபப்படாத நாளிலும் இறுகிக்கிட்டுதான் இருந்தது.

• டென்ஷனுக்கு ஒரு தம் போடறேன்னு சொல்லாதீங்க. நிகோடின் நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏத்தும். நிம்மதி மாதிரி தெரியறது, நிகோடின் இல்லாத தவிப்பு கொஞ்ச நேரம் அடங்குறதுதான்.

• தினமும் அரை மணி நேர வேக நடை. நேரத்துக்குத் தூக்கம். மனசுவிட்டுப் பேச ஒரு ஆள். நாள் பூரா அடுத்தவங்க சொல்படி ஓடினாலும், அந்த அரை மணி நேரமாவது உங்க பிடியில் இருக்கட்டும்.

• நாலு பேருக்கு மேலாளரா இருக்கீங்களா? ஷிப்ட் என்னன்னு முன்கூட்டியே சொல்லுங்க, லீவு கேட்டா குத்திப் பேசாதீங்க. அவங்க இதயத்துக்கும் அது வைத்தியம்தான்.

12/ கடைசியா ஒண்ணு. சண்டைக்குப் பிறகோ துக்கச் செய்தி கேட்டோ நெஞ்சை அழுத்துற மாதிரி வலி, வியர்வை, இடது கை அல்லது தாடையில் வலி, மூச்சு வாங்கல் வந்தா "டென்ஷன்தான்", "கேஸ்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. ஈசிஜி எடுத்துப் பார்த்து "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்றதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ராத்திரி 2 மணி ஆனாலும் வாங்க.

வீட்டில் "டென்ஷன் பார்ட்டி" யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்பி வைங்க.