மனநோய் மருந்துகளின் பெயர் வரலாறு

மனநோய்க்கு மருந்து உட்கொள்வது பற்றிய விவாதத்தில் மருந்தின் பெயரும் ஒரு தரப்பாக நிற்கிறது. அப்பெயர்களின் வரலாறு இதனைப் புலப்படுத்தும்.

1931இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், சர்ப்பகந்தா வேர் உயர் இரத்த அழுத்தத்திற்கும் மனநோய்க்கும் பயன்படுவதைக் கட்டுரையாக வெளியிட்டனர். 1952இல் அவ்வேரிலிருந்து ரிசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிசில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசைனை மனநோயாளர்க்கு அளித்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். 1955இல் அவர்கள் இவ்வகை மருந்துகளுக்கு 'நியூரோலெப்டிக்' எனப் பெயரிட்டனர். நரம்பைப் பற்றுவது என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். அசைவு குன்றுதல் போன்ற நரம்பியல் விளைவுகளை மருந்தின் இயல்பாகவே அவர்கள் கருதினர். அமெரிக்காவில் இவை 'டிராங்குவிலைசர்', அதாவது அமைதியூட்டி எனப்பட்டன. பின்னர் 'ஆன்டிசைக்காட்டிக்' என்பது நிலைபெற்றது.

முதற்பெயர் உடல்விளைவைச் சுட்டுகிறது. இரண்டாவது நோயாளர் அடையும் நிலையைச் சுட்டுகிறது. மூன்றாவதோ மருந்து நோயையே எதிர்க்கிறது என்னும் துணிபை உட்கொண்டது. மருந்து நோயைத் தணிக்கிறதா, வேறொரு நிலையை உண்டாக்கி அறிகுறிகளை மறைக்கிறதா என்பது இன்றும் தீராத வினா. தமிழ்ப் பேச்சுவழக்கிலோ இவை பெரும்பாலும் 'தூக்க மாத்திரை' ஆகிவிடுகின்றன. பயனும் தீங்கும் ஒருங்கே மறைகின்றன.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையின் நன்மை, தீமை, மாற்று வழி ஆகியவற்றை நோயாளர்க்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தெரிவித்த பின்னர்ப் பெறுவதையே ஒப்புதலாகக் கொள்கிறது. ஆதலின் பெயரை மட்டும் தமிழாக்குதல் போதாது. மருந்தின் செயலையும் பக்கவிளைவையும் தனித்தனியே விளக்குதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.